சாட்சியாக மட்டும் நிற்கலாமா?

தர்மபுரி மாவட்டம் அரூருக்கு அருகே தீர்த்தமலையில் ராம தீர்த்தம் பாறையிலிருந்து விழுகிறது. ராமன் அம்பெய்து வரவழைத்த நீர் என்கிறது தலபுராணம். மேலே பெய்த மழை மண்ணில் ஊறி, கெட்டிப் பாறையின் வெடிப்புகள் வழியே கசிகிறது என்கிறது நிலவியல். எதை நம்பினாலும் சரி, மலைமேல் மண்ணைப் பிடித்துவைக்கும் காடு போய்விட்டால் மழை ஊறாமல் ஓடிவிடும். அப்படி ஒரு காடு மனிதரால் குலைவதைக் காணும் உயிரியலாளர் அதைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடலாமா? சாங்கிய தத்துவத்தில் புருஷன் என்ற ஆன்மா வெறும் சாட்சி, இயங்குவதெல்லாம் பிரகிருதி என்ற இயற்கை. விஞ்ஞானி சொல்லும் நடுநிலையும் ஏறக்குறைய அதுதான். அந்த ஆசனத்தில் உட்கார அவருக்கு உரிமை இல்லை என்பேன்.

பாறு கழுகுகளின் கதையைப் பார்க்கலாம். 1990-களில் தொடங்கி இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தால், ஈரலிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. மாடுகளுக்கு வலி தீரப் போட்ட டைக்குளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பறவைக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004-இல் நிரூபணமானது. ஆய்வாளர்கள் அதோடு கைகழுவவில்லை. மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி பாறுகளைக் கொல்லாது என்று சோதித்துக் காட்டி, மாட்டுக்காரருக்கும் மாற்று மருந்தைக் கொடுத்தார்கள். 2006-இல் கால்நடைகளுக்கான டைக்குளோஃபினாக்கை இந்தியா தடைசெய்தது. களத்தில் இறங்கினால் விஞ்ஞானியின் நம்பகத்தன்மை போய்விடும் என்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் சான்று, அதன் பிறகே கோரிக்கை, கூடவே மாற்று. சான்றுக்கு முன்னால் ஓடும் கோரிக்கைதான் நம்பிக்கையைக் கெடுக்கும்.

இயற்கை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது, மனிதனும் அதில் ஒரு பகுதிதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் காரணம் தெரிந்த, நிறுத்தக்கூடிய அழிவை ஊழ் என்று சொல்வது தத்துவம் ஆகாது, சோம்பல். தலையீடே கேடு செய்திருக்கிறதே என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இன்று நம் வறண்ட மலைச்சரிவுகளை மூடிக்கிடக்கும் உண்ணிச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. தாவரவியலே வாசல் திறந்துவிட்ட செடி அது. அப்படியிருக்க அந்தத் துறையினர் வெறும் சாட்சி என்று எப்படிச் சொல்லிக்கொள்வார்கள்? அவர்களுக்கு இருப்பது கடன். செடியைப் பிடுங்குவதும் உயிர்வதைதானே என்ற சமணக் கேள்விக்குப் பதில் இது: சும்மா விட்டால் அதன் அடியில் முளைக்க முடியாமல் போகும் புல்லும் கன்றும் யார் கணக்கில் சேரும்? ஆனாலும் ஒருநாள் விழாவாகச் செடியை மேலோடு வெட்டிப் படம் எடுத்துக்கொள்வது வீண். தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். பறவைகள் தின்று போடும் விதையிலிருந்தும் முளைக்கும். வேரோடு எடுத்து, அந்த இடத்தில் நம் மண்ணின் புல்லும் மரமும் வரும்வரை சில ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

தீர்த்தமலைக்கு வரும் பக்தரிடம், குரங்குக்குப் பொரி போடுவதில் புண்ணியம் இல்லை என்று சொல்வதும் சாட்சியாக நிற்காமல் களத்தில் இறங்கும் இதே வேலைதான். ஆய்விதழில் எழுதுவதைவிடச் சங்கடமான வேலை. உயிரியலாளர்களே, கோயில் நிர்வாகத்தையும் வனத்துறையையும் சேர்த்துக்கொண்டு, முதல் சான்றாக ராம தீர்த்தத்தில் விழும் நீரை மாதந்தோறும் அளந்து, அடிவாரத்தில் ஒரு பலகையில் தமிழில் எழுதி வையுங்கள்.