நல்லெண்ணம் மட்டும் போதுமா?

துன்பப்படும் ஒருவருக்கு நமக்குத் தெரிந்த மருந்தைச் சொல்வது நற்செயல் அல்லவா? அதனால் தீமை விளைந்தால், ‘நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன்’ என்று நாம் விலகிக்கொள்ள முடியுமா?

இன்று காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாடும் முன்பே இணையத்தை நாடுகிறோம். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படிக்கிறோம். படித்ததை உடனே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். தன் உடலைப் பற்றி அறிய விரும்புவது தவறன்று. சிக்கல், அறிந்ததைப் பிறருக்கு வழங்கும் இடத்தில் தொடங்குகிறது.

2020 ஜூன் மாதத்தில் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு ஒரு நற்செய்தியைத் தந்தது. டெக்ஸாமெதசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பயனும் காணப்படவில்லை.

2021-ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் மருந்துச் சீட்டுகளின் படங்கள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. மருந்தின் பெயர் பரவியது. ‘யாருக்கு, எப்போது’ என்ற நிபந்தனை உடன் செல்லவில்லை. ஸ்டீராய்டு, இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும்; நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும். அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் நம் நாட்டில் 40,000-க்கும் மேற்பட்டோரைக் கருப்புப் பூஞ்சை நோய் தாக்கியது. கட்டுப்படாத நீரிழிவோடு, ஸ்டீராய்டை முறையின்றிப் பயன்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம் என மருத்துவர்கள் எச்சரித்தனர்.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உண்மையின் ஒரு பாதி வழியிலேயே உதிர்ந்துபோயிற்று. எஞ்சிய பாதி, பொய் செய்யும் வேலையைச் செய்தது.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்ற நான்கின் சேர்க்கை என்று வள்ளுவர் வகுத்தார். செய்தியை அனுப்பியவர் இந்த நால்வகையில் எதிலும் இல்லை. நோயாளிக்கு நீரிழிவு உண்டா என்பதை அவர் அறியார். மருந்து உண்டபின் என்ன நேர்ந்தது என்பதையும் காணார்.

அதே நாட்களில் வேறொரு காட்சியும் தெரிந்தது. எங்கே படுக்கை உள்ளது, யாரிடம் ஆக்சிஜன் உருளை கிடைக்கும் என்ற செய்திகளைப் பகிர்ந்த இளைஞர்களுள் பலர், ஒவ்வோர் எண்ணையும் தாமே தொலைபேசியில் அழைத்து, உண்மைதானா என்று கேட்டறிந்து, சரிபார்த்த நேரத்தையும் குறித்த பின்னரே வெளியிட்டனர். கருவி ஒன்றே, எண்ணமும் ஒன்றே. வேறுபாடு, பிறருக்காக மேற்கொண்ட உழைப்பில் இருந்தது.

எனவே ஒரு மருந்துச் செய்தியை அனுப்பும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இது யாருக்கு உரியது? யாருக்கு ஆகாது? சொன்னவர் யார்? விடை தெரியாவிட்டால் விரலை அடக்குவதே அறம். நோயுற்றவருக்கு உதவும் ஆவல் மிகுந்தால், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம், அருகில் அமர்ந்திருப்போம். நல்லெண்ணம் தொடக்கம் மட்டுமே. பொறுப்போடு சேரும்போதுதான் அது தொண்டாகிறது.