பரிசுச்சீட்டும் படிவமும்

விடியற்காலையில் சுருளிப்பட்டியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறுவோர், கம்பமெட்டையோ குமுளியையோ கடந்ததும் வேறொரு சட்டத்தின் கீழ் வந்துவிடுகின்றனர். தமிழக அரசு 2003 சனவரியில் தடைசெய்த பரிசுச்சீட்டை, 1967-இல் தொடங்கப்பட்ட கேரள அரசுத் துறை அங்கே இன்றும் நடத்தி வருகிறது. பாவத்துக்கும் புண்ணியத்துக்கும் நடுவே சோதனைச்சாவடி நிற்குமா என்ற வினாவை மறையுரைகளில் பலரும் எழுப்பிவிட்டோம். இது வேறு வினா.

தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் விழுந்தது. சீட்டை விவிலியத்துக்குள் வைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். முறைப்படி பெற வேண்டுமானால் 30 நாட்களுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும். பான் அட்டை, அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு, வெளிமாநிலத்தவர் என்பதால் நோட்டரி வழக்கறிஞரின் சான்று ஆகியவையும் தேவை. முகவர் கழிவு ஒருபுறமிருக்க, 30 விழுக்காடு வருமான வரியாகப் பிடித்தம் செய்யப்படும். தரகர் ஒருவரோ நான்கு இலட்சத்தை ரொக்கமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

“சாமி, வித்தா திருட்டாகுமா?” என்றார்.

அரசு தருவதைவிடத் தரகர் எப்படி மிகுதியாகத் தர முடியும்? அவரிடம் இருப்பது கணக்கில் வராத பணம். அது வெளுத்து வெளியே வர ஒரு நல்ல சீட்டு தேவைப்படுகிறது. அந்தப் பொய்க்கு நீ துணைபோகிறாய் என்று விளக்கினேன். சீசரின் நாணயத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னதும் அவருக்குப் புரிந்தது.

அடுத்து அவர் கேட்டதற்குத்தான் என்னிடம் விடையில்லை. “பத்து வருசமா வாராவாரம் விட்ட காசைக் கழிச்சுக்க மாட்டாங்களா?”

மாட்டார்கள். பரிசுச்சீட்டு வருமானத்தில் செலவையோ இழப்பையோ கழிக்க நம் சட்டம் இடம் தருவதில்லை. ஏழைக்குரிய அடிப்படை விலக்கு வரம்பும் இதற்குப் பொருந்தாது. தோட்ட முதலாளிக்கும் கூலியாளுக்கும் அதே 30 விழுக்காடு. லாஸ் வேகாஸ் சூதாட்ட இயந்திரத்தில் வெல்லும் அயல்நாட்டாரிடமும் பொதுவாக அதே அளவுதான் பிடிக்கிறார்கள். ஆனால் அமெரிக்கர் தம் இழப்பை ஓரளவு கழித்துக்கொள்ளலாம். உடன்படிக்கையின்படி கனடா நாட்டாரும் கழிக்கலாம். தாங்கும் ஆற்றலுக்கேற்ப வரி என்பது நீதியானால், கூலியாளின் முறையீட்டை எளிதில் தள்ளிவிட முடியாது.

எனினும் அவருடைய இழப்பு மட்டுந்தானா இழப்பு? அந்த ஐந்து இலட்சமும் அதே ஜீப்பில் நெருக்கியமர்ந்து செல்பவர்களின் கூலியிலிருந்து சேர்ந்தது. ஒருவருடைய அடிப்படைத் தேவைக்கானதைப் பறிக்கும்போது சூதாட்டம் ஒழுக்கக்கேடாகிறது என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி (2413). பறிப்பவர் யார் என்று இங்கே சுட்டுவது கடினம். படிவம் வென்றவரின் பெயரையும் முகவரியையும் கேட்கிறது; தோற்றவர்களுக்கு அதில் கட்டம் இல்லை. மத்தியாவைத் தேர்ந்தெடுக்கத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டபோது எவருடைய உடைமையும் பறிபோகவில்லை. சிலுவையின் அடியில் படைவீரர் சீட்டுப் போட்டது, மேலே தொங்கியவரின் ஆடைக்கு. நம் சீட்டு எதன் இனம்? இதைக் கேட்காமல் வரியின் விழுக்காட்டை மட்டும் வாதிடுவது எனக்கு உறுத்துகிறது. வரிப்பணத்தில் அந்த ஜீப்புக்காரர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். முழு ஆறுதல் அன்று.

அவர் தரகரிடம் போகவில்லை. வெளிமாநிலத்தவர் கேரளத்துக்கு வந்த காரணத்தையும் எழுதித் தர வேண்டியிருந்தது. என் மேசையில் அமர்ந்து, “கூலி வேலைக்கு” என்று தம் கைப்படவே எழுதினார். பணம் வந்தபின் தங்கையின் நகைக்கடனை அடைத்தார் என்று அறிந்தேன். இப்போதும் அதே ஜீப்பில் போகிறார். சீட்டு வாங்குகிறாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை.