மேற்கோள் என்பது சாட்சியா?

ஒரு மருத்துவ ஆய்வாளரின் பெயரை கூகுள் ஸ்காலரில் தேடி அவர் பக்கத்துக்குப் போனால், ஓரமாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மொத்த மேற்கோள் இத்தனை, எச்-இண்டெக்ஸ் இத்தனை. எச்-இண்டெக்ஸ் 40 என்றால், தலா 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 40 இருக்கின்றன என்று பொருள். ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கு. மென்பொருள்காரனான எனக்கு இந்த மாதிரி எண்கள் ரொம்பப் பிடிக்கும். நாலு வரி நிரலில் முடிந்துவிடும். பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று பல இடங்களில் முதலில் கண் போவதும் இங்கேதான்.

ஆனால் அது எதை எண்ணுகிறது? ஒருவர் இன்னொருவரின் கட்டுரையைக் குறிப்பிட்டார் என்பதை மட்டும். ஏற்றாரா, மறுத்தாரா, முழுசாகப் படித்தாரா என்பதெல்லாம் அதில் கிடையாது. புரதத்தை அளக்கும் முறை பற்றி ஆலிவர் லவ்ரி 1951-இல் சகாக்களோடு எழுதிய கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். அது ஒன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லவ்ரியே சொல்லியிருக்கிறார். நல்ல சமையல் குறிப்பு மாதிரி, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

யோவாஹிம் போல்ட் விஷயம் அப்படியில்லை. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் மயக்க மருந்துத் துறைத் தலைவராக இருந்தவர். அறுவை சிகிச்சையிலும் ஐ.சி.யூ.விலும் ரத்த ஓட்டம் குறைந்துபோன நோயாளிக்கு எந்தத் திரவம் ஏற்றுவது என்பதில் உலகம் முழுக்க அவர் பேச்சு எடுபட்டது. ஸ்டார்ச்சிலிருந்து செய்த ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் திரவம் பாதுகாப்பானது என்ற தரப்புக்கு அவருடைய கட்டுரைகள் பெரிய பலம். 2009-இல் வந்த ஒரு கட்டுரையின் எண்கள் சில வாசகர்களை உறுத்தின. நோயாளிக்கு நோயாளி இருக்கவேண்டிய ஏற்ற இறக்கம் அதில் இல்லை. மனித உடம்பு அவ்வளவு ஒழுங்காகவா நடந்துகொள்ளும்? விசாரணையில் அந்த ஆய்வு புனைவு என்று தெரிந்தது. 2011-இல் பல இதழாசிரியர்கள் சேர்ந்து அவருடைய கட்டுரைகளைக் கொத்தாகத் திரும்பப் பெற்றார்கள். இன்று அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது.

2013-இல் ஜாமா இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. போல்ட்டின் 7 ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டார்ச்சின் ஆபத்து தெளிவில்லாமல் மங்கலாகத் தெரிந்தது. நீக்கிவிட்டுப் பார்த்தால், அதை ஏற்றிக்கொண்டவர்களிடம் இறப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் அதிகம். 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்தின் உரிமத்தை நிறுத்திவைத்தது.

இங்கே எனக்குக் கேள்வி போல்ட்டைப் பற்றி இல்லை. பொய் சொன்னவரை என்ன சொல்வது என்பதில் குழப்பம் எதுவுமில்லை. அவரை நம்பி மேற்கோள் காட்டிய நேர்மையான மருத்துவர்களுக்கு ஏதாவது கடமை உண்டா?

உண்டு என்றுதான் நினைக்கிறேன். மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் முன்வைத்தபோது, அவர் பின்பற்றிய மாதிரி அமெரிக்க வக்கீல்கள் புரட்டும் ஷெப்பர்ட் தொகுப்பு. ஒரு பழைய தீர்ப்பு இன்னும் செல்லுமா, மேல்கோர்ட் அதை ரத்து செய்துவிட்டதா என்று பார்ப்பதற்கான புத்தகம் அது. பிழையான, காலாவதியான தரவை யோசிக்காமல் மேற்கோள் காட்டுவதைத் தடுக்கவேண்டும் என்பது கார்ஃபீல்ட் சொன்ன காரணங்களில் ஒன்று. எச்சரிக்கை மணியாக நினைத்ததை நாம் ஸ்கோர்போர்டாக மாற்றிக்கொண்டோம்.

என் தொழிலில் ஒரு நூலக நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதைச் சார்ந்திருக்கும் நிரல்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர ஓர் ஏற்பாடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தாலும் உட்கார்ந்து சரிசெய்தாகவேண்டும், திட்டிக்கொண்டேதான். இத்தனைக்கும் அங்கே பெரும்பாலும் பாதிக்கப்படுவது யாரோ ஒருவரின் கடவுச்சொல். ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவர் கட்டுரை எழுதுவதில்லை, அவர் யாரையும் மேற்கோள் காட்டவும் போவதில்லை. அவருக்காகச் சாட்சி சொல்வது, ஒரு கட்டுரையைக் காட்டி 'இதன்படி செய்யலாம்' என்று எழுதுபவர்தான். சாட்சி பொய்யென்று தெரிந்தால் கோர்ட்டுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லவேண்டாமா? தன் கட்டுரையின் அடியில் ஒரு திருத்தம் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதற்கு எச்-இண்டெக்ஸில் மதிப்பெண் கிடையாது.

திரும்பப் பெறப்பட்ட பிறகும் போல்ட்டின் கட்டுரைகளுக்கு மேற்கோள்கள் வந்துகொண்டுதான் இருந்தன. திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்பே பலவற்றில் இல்லை.