அளவையும் அறமும்

வாங்குவோனும் விற்போனும் ஒருவரையொருவர் அறியாத சந்தையில், இருவருக்கும் நடுவே நின்று நம்பிக்கையை நிலைநிறுத்துவது தராசேயாகும். அத்தராசு எந்த அளவையைக் காட்டவேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்குரியது? இறாத்தலா, கிலோகிராமா எனப் பிரித்தானியாவில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் விவாதத்தின் அடியில் இவ்வறவினாவே உள்ளது.

மெற்றிக் முறைக்கு மாறும் நோக்கத்தை அந்நாடு 1965இல் அறிவித்தது. பொதிசெய்யப்பட்ட பெரும்பாலான பொருள்களுக்கு 1995இலும், கடையில் நிறுத்து விற்கப்படுவனவற்றுக்கு 2000இன் தொடக்கத்திலும் அம்முறை கட்டாயமாயிற்று. அவ்வாண்டிலேயே சண்டர்லாந்து நகரில் இறாத்தற் கணக்கில் வாழைப்பழம் விற்ற மரக்கறி வணிகர் ஒருவர் சட்டத்தின் பிடிக்குள்ளானார். 2001இல் அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. 2002இல் மேன்முறையீடும் தள்ளப்பட்டது. எடையைக் குறைத்து வஞ்சித்தார் என்பது குற்றச்சாட்டன்று. வஞ்சியாதவனைத் தண்டித்தல் நீதியோ எனப் பலர் வினவினர்.

அவ்வினா எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அளவை எவருடைய தனியுடைமையுமன்று. ஒரு கடையில் இறாத்தலுக்கும் அடுத்த கடையில் கிலோகிராமுக்கும் விலை கூறப்படின், ஒப்பிட்டுப் பார்க்கும் சுமை முழுவதும் வாங்குவோன் தலையில் விழுகின்றது. ஓர் இறாத்தல் 453.59237 கிராம் என்பதைக் கொண்டு மனக்கணக்கிட வல்லவன் தப்புவான். அவ்வாற்றல் இல்லாதவன் ஏமாறுவான். விற்போர் ஒவ்வொருவரும் நேர்மையாளராக இருப்பினும் இத்தீங்கு நேரும். ஆகவே பொது அளவையைக் கட்டாயமாக்குதல் வலியற்றோரைக் காக்கும் செயலாகும். பழைய அளவையையும் உடன் எழுதிவைக்கச் சட்டம் இடமளித்தமையால், பழக்கத்துக்கும் மதிப்பு மறுக்கப்படவில்லை.

மெற்றிக் முறை தன்னளவில் அறமுடையது என்பது இதன் பொருளன்று. குழாயிலிருந்து வார்த்து விற்கப்படும் பியருக்கு அந்நாட்டில் இன்றும் பைந்தே சட்ட அளவை. எல்லா விடுதிகளிலும் அது ஒன்றாகவே இருப்பதால் எவரும் ஏமாறுவதில்லை. மாறாக, இறாத்தலின் நினைவாக 454 கிராம் கொண்டிருந்த ஜாம் போத்தலொன்று, எண்ணைச் சீராக்குதல் என்னும் பெயரில் 400 கிராமாகி, விலைமட்டும் குறையாது நிற்குமாயின், புதிய முறையும் வஞ்சனைக்குத் துணைபோனதாகும். ஆதலின் அளவையை மாற்றுமாறு வணிகனைக் கட்டாயப்படுத்தும் அரசு, அம்மாற்றத்தின் மறைவில் அளவு சுருங்காமற் காக்கவும் கடமைப்பட்டது. சிறு வணிகனைத் தண்டித்துப் பெரிய உற்பத்தியாளனைக் காணாதிருக்கும் சட்டம் ஒருமையை நிலைநாட்டலாம், நீதியை நிலைநாட்டாது.