முதல் பாடம் நஷ்டக் கணக்கு

2015 ஜனவரி 15. ஒரு யூரோவின் விலை 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காமல் மூன்றாண்டுக்கும் மேலாகக் காத்துவந்த சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, இனிக் காக்கப்போவதில்லை என்று திடீரென அறிவித்தது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. ‘இந்த விலைக்கு இறங்கினால் தானாக விற்றுவிடு’ என்று ஸ்டாப் லாஸ் போட்டு வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. அந்த விலைக்கு வாங்க ஆளே இல்லை. போட்ட பணம் போனதோடு, தரகு நிறுவனத்துக்குக் கடன்பட்டவர்களும் உண்டு. அல்பாரி என்ற தரகு நிறுவனத்தின் பிரிட்டன் கிளையே திவாலானது.

நாணய வணிகம் கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “விலை ஏறுமா, இறங்குமா?” என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: என் கணிப்பு தப்பினால் எவ்வளவு போகும்? பத்தாயிரம் ரூபாயை வைத்து நூறு மடங்கு லீவரேஜில் இறங்கினால், நீங்கள் சுமப்பது பத்து லட்ச ரூபாய் வணிகம். விலை ஒரே ஒரு சதவீதம் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் பத்தாயிரமும் காலி. நாளைக்கே விலை திரும்பி வரலாம். ஆனால் அப்போது நீங்கள் ஆட்டத்தில் இருக்க மாட்டீர்கள். இப்படி விலை வித்தியாசத்தின் மேல் நடக்கும் வணிகத்தில், சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் முடிகின்றன என்று 2018இல் ஐரோப்பியக் கண்காணிப்பு அமைப்பு சொன்னது. முக்கிய நாணயங்களுக்கு 30 மடங்குக்கு மேல் லீவரேஜ் தரக் கூடாது என்று தடையும் போட்டது.

நம் நாட்டில் சட்டமும் கண்டிப்பானது. தேசியப் பங்குச் சந்தையில் 2008 முதல் டாலர்–ரூபாய் ஒப்பந்தங்கள் நடக்கின்றன. ஆனால் 2024 மே 3 முதல், உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ உள்ளவர்களுக்குத்தான் அதில் இடம். டாலரில் பணம் வரவேண்டிய திருப்பூர் ஏற்றுமதியாளர் தன் விலையைக் காத்துக்கொள்ளலாம். வெறும் ஊகத்துக்கு அங்கே இடமில்லை. வெளிநாட்டு ஆப்களுக்கு மார்ஜின் எனப்படும் பிணைப் பணம் அனுப்புவது ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறுவதாகும். டெலிகிராமில் ‘தினமும் நிச்சய லாபம்’ என்று அழைப்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை. இதை மறைப்பவரிடம் வேறு எந்தப் பாடமும் கேட்காதீர்கள்.

கற்கும் ஆசை இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தினமும் டாலரின் விலையையும், நாளை அது எங்கே போகும், ஏன் என்ற உங்கள் கணிப்பையும் எழுதுங்கள். சந்தையில் ஓர் ஒப்பந்தம் 1000 டாலர். 50 பைசா தப்பினால் 500 ரூபாய் நஷ்டம் என்று எழுதிவையுங்கள். மூன்று மாதம் இதை நேர்மையாகச் செய்தால், கச்சா எண்ணெயும் அமெரிக்க வட்டியும் ரூபாயை எப்படி அசைக்கின்றன என்பது பிடிபடும். காசு ஒன்றும் கரையாது.

அனுமதி பெறாத நாணய வணிகத் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022இல் 34 பெயர்களுடன் வெளியிட்டது. அது நீண்டுகொண்டே போகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது. ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.