மார்கழி வாசலும் மகிழ்ச்சி ஞாயிறும்



கம்பெனி பஸ் ஐந்தரைக்கு வந்துவிடும். அதற்குள் உலை வைக்க வேண்டும், பிள்ளைக்கு டிபன் கட்ட வேண்டும், மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் நம் செவ்வாப்பேட்டையில் ஒரு பெண் கதவைத் திறந்து, வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, குனிந்து நாலு புள்ளி வைக்கிறாள். அதைச் சுற்றி ஒரு நெளி. ஹார்ன் சத்தம் கேட்டதும் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள். பஸ் தெருமுனை திரும்புவதற்குள் பால் வண்டி அந்தக் கோலத்தின் மேல் ஏறிப் போய்விடுகிறது.

அந்த இரண்டு நிமிடம் அவளுக்கு எதற்கு? கூலி கிடையாது. பாராட்டும் கிடையாது. அந்த நேரத்தில் ஒரு வாய் காபியாவது குடித்திருக்கலாம்.

பழக்கம் என்று சொல்லிவிடலாம். பழக்கம்தான். ஆனால் வெறும் பழக்கமாக இருந்தால் நேற்றுப் போட்டதையே இன்றும் போட்டிருப்பாள். நேற்று நெளிக்கோலம், இன்று தாமரை. நாளைக்கு என்ன போடலாம் என்று பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்தபடி யோசிக்கவும் செய்கிறாள். அந்த யோசனையில் ஒரு சின்னச் சந்தோஷம் ஒளிந்திருக்கிறது. இன்று திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு. பீடத்தருகே ரோஸ் நிற மெழுகுதிரி எரிகிறது. அந்தச் சின்னச் சந்தோஷத்தைப் பற்றிப் பேச எனக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

மார்கழியும் பிறக்கப் போகிறது. இனி ஒரு மாதம் தெருவே வேறு மாதிரி ஆகிவிடும். வாசலடைக்கும் கோலங்கள், காவி, கலர் பொடி, சாணி உருண்டையில் செருகிய பூசணிப் பூ. பதினைந்து புள்ளியில் தொடங்கி எட்டில் நிறுத்துகிற சந்துப்புள்ளிக் கோலம் உங்களுக்குத் தெரியும். நடுவரிசையில் 15, பிறகு மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 14, 13 என்று 8 வரை. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 169 புள்ளி. எந்தப் புள்ளியும் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஒன்று தவறினால் கடைசி இதழ் மூடாது. இதை ஸ்கேல் இல்லாமல், தெருவிளக்கு வெளிச்சத்தில், இடுப்பு வலியோடு போடுகிறவர்கள் நம் அம்மாக்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இறங்குகிற அளவு அவர்கள் கைக்குத்தான் தெரியும். கொஞ்சம் அதிகமாக விட்டால் கோடு தடிக்கும். தயங்கினால் அறுந்துபோகும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஃபாதர், எட்டாவதுதான் படிச்சேன்" என்று என்னிடம் சொல்கிற அக்காக்கள் இந்தப் பங்கில் பலர். அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்று ஒரு பேராசிரியத் தம்பதியர் இருந்தார்கள். 1974-இல் கமலா கிருதிவாசன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து கோலத்தைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினிக்கு உருவங்களை எந்த விதிகளால் விளக்கலாம் என்று உலகத்தில் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் அந்த விதிகளைத் தமிழ்நாட்டு வாசல்களில் தேடினார்கள். சிக்கலான கம்பிக் கோலத்தைப் பெண்கள் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்தார்கள். நேரே போவது, வளைவது, புள்ளியைச் சுற்றித் திரும்புவது என்று கை செய்கிற அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் வைத்துத்தான் அவர்கள் போடுகிறார்கள் என்று தெரிந்தது. பிறகு வெளிநாட்டுக் கணித அறிஞர்களும் இதைப் பற்றி எழுதினார்கள். அக்கா, உங்கள் கைக்குள் இருப்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளப் பேராசிரியர்கள் வந்திருக்கிறார்கள். இனிமேல் ஒன்றும் தெரியாது என்று சொல்லாதீர்கள்.

விடுதலைப் பயண நூலின் 31-ஆம் அதிகாரத்தில் பெட்சலேல் என்றொருவர் வருகிறார். யூதா குலத்தவர். சந்திப்புக் கூடாரத்துக்கான வேலைகளுக்கு ஆண்டவரே அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார், தம் ஆவியால் அவரை நிரப்பியிருப்பதாக மோசேயிடம் சொல்கிறார். எதற்காக அந்த ஆவி? போதிக்கவா, இறைவாக்கு உரைக்கவா? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, கல்லை இழைக்க, மரத்தைச் செதுக்க. காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற அண்ணன்மாரே, கும்மிடிப்பூண்டியில் வெல்டிங் பிடிக்கிற தம்பிமாரே, காதில் விழுகிறதா? உலோகத்தோடு மல்லுக்கட்டிய ஒரு மனிதனைத்தான் ஆவியானவர் நிரப்பினார். 35-ஆம் அதிகாரத்தில் பெண்களும் வருகிறார்கள், தங்கள் கையால் நூற்று நூலைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு இந்தக் கைவேலை புதிதில்லை. பழவேற்காட்டின் பெயரைச் சுமந்துகொண்டு கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் கடல் தாண்டிப் போயிற்று. அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் இன்றும் தறிச் சத்தம் கேட்கிறது. பழவேற்காட்டுப் பெண்கள் இன்றும் பனை ஓலையில் பெட்டி முடைகிறார்கள்.

ஆனால் பெட்சலேல் செய்தது ஆண்டவருடைய வேலை, நான் போடுகிற கோலம் வெறும் பொழுதுபோக்குதானே, அது வீண்தானே என்று யாராவது கேட்கலாம்.

பெத்தானியாவில் ஒரு பெண் படிகச் சிமிழை உடைத்து இயேசுவின் தலையில் நறுமணத் தைலத்தை ஊற்றினாள். சுற்றி இருந்தவர்கள் கேட்டதும் இதே கேள்விதான். விலையைக்கூடக் கணக்குப் போட்டார்கள்: முந்நூறு தெனாரியத்துக்கும் மேல். ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம் என்றால் ஏறத்தாழ ஒரு வருடச் சம்பளம். காண்டிராக்ட் தொழிலாளியின் வருடச் சம்பளத்தை ஒரே நிமிடத்தில் ஊற்றித் தீர்த்ததைப் பார்த்தால் நானும் முணுமுணுத்திருப்பேன். ஆண்டவர் முணுமுணுக்கவில்லை. அவளை விடுங்கள் என்றார். அவள் செய்தது அழகான செயல் என்றார். நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் அவளை நினைவுகூர்வார்கள் என்றார். ஏழைகளை மறக்கச் சொல்லவில்லை, ஆனால் அழகுக்கும் இடம் விடச் சொன்னார். நம் வீட்டில் மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பூ வரைந்தால் "படிக்கிற வேலையைப் பாரு" என்கிறோம். மகன் கோலம் போட உட்கார்ந்தால் "பொம்பளப் புள்ளையா நீ?" என்கிறோம். சிமிழைச் சுற்றி நின்று முணுமுணுத்தவர்களின் குரல் நம் தொண்டையிலிருந்து வருகிறதோ என்று இந்த வாரம் கவனித்துப் பாருங்கள்.

செப்பனியா இறைவாக்கினர் நம் ஆண்டவரைப் பற்றிச் சொல்லும்போது, அவர் தம் மக்களைக் கண்டு களிகூர்கிறார், பாட்டுப் பாடி மகிழ்கிறார் என்கிறார். பாடுகிற கடவுளை வணங்குகிறவர்கள் நாம். வாசலில் நாலு நெளி போட்டதற்காக அவர் நம்மிடம் நேரக் கணக்குக் கேட்கப் போவதில்லை.

"நாம கோலம் போடலாமா ஃபாதர், அது இந்துக்களோட பழக்கமாச்சே" என்றும் சிலர் கேட்பதுண்டு. இதற்கு நான் நீட்டி முழக்கப் போவதில்லை. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகத் திருச்சபை வைத்துக்கொண்டதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தந்த மக்களின் கலை வழிபாட்டுக்கு வரலாம். திருநாளன்று நம் பீடத்தின் முன்னால் சிலுவையும் புறாவும் வைத்துப் போடுகிற கோலத்தைப் பார்த்து எந்த வானதூதரும் முகம் சுளித்ததாக எனக்குத் தகவல் இல்லை. அரிசி மாவா மொக்குமாவா என்று என்னிடம் வழக்குக்கு வராதீர்கள். அரிசி மாவு எறும்புக்கு ஆகாரம், அது நல்லது. விலைவாசி வேறு விஷயம்.

பிரியமானவர்களே, இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான்.

நம் தெருக்களில் கோலம் இல்லாத வாசல்கள் உண்டு. சாவு விழுந்த வீட்டில் கோலம் போடுவதில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வாய் திறந்து சொல்லாமலே தெருவுக்குத் துக்கத்தைத் தெரிவிக்கிற வழி அது. வெறும் வாசலைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரின் சத்தத்தைக் கூடக் குறைத்துக்கொள்கிறார். துக்கத்துக்கு அதன் காலம் வேண்டும். ஆனால் வருடம் திரும்பிய பிறகும், மகன் கல்யாணம் முடிந்து மருமகள் வந்த பிறகும், கணவரை இழந்த அம்மா மாவுக் கிண்ணத்தைத் தொடக் கூடாது என்று சொல்கிற வீடுகள் இருக்கின்றன. கிறிஸ்தவ வீடுகளில்கூட. அவர்தான் அந்தத் தெருவிலேயே நன்றாகக் கோலம் போடுபவராக இருந்திருப்பார். அவருடைய கோல நோட்டைப் பார்த்துத்தான் மற்ற பெண்கள் கற்றிருப்பார்கள். இப்போது அவர் திண்ணையில் உட்கார்ந்து, மருமகள் வைக்கிற புள்ளி கோணுவதைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

அவர் கையிலிருந்து அந்தக் கிண்ணத்தை வாங்கியது யார்? ஆண்டவரா? நயீன் ஊர் வாயிலில் ஒரு கைம்பெண்ணைக் கண்டு மனமிரங்கி, அழாதே என்று அவளிடம் சொன்னவரா அப்படிச் செய்வார்? எந்தத் திருச்சட்டத்திலும் இந்தத் தடை இல்லை. நாம் கொண்டுவந்தது, நாமே எடுத்துவிடலாம்.

கோலம் போடுகிறவர்களைப் போலவே மண்ணில் குனிந்து விரலால் எழுதிய ஒருவரை நற்செய்தி நமக்குக் காட்டுகிறது. யோவான் 8-ஆம் அதிகாரம். கோவில் முற்றத்தில் ஒரு பெண்ணை இழுத்துவந்து நடுவில் நிறுத்தினார்கள். கையில் கல்லும் வாயில் சட்டமும் இருந்தன. இயேசு அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, குனிந்து தரையில் எழுதத் தொடங்கினார். எல்லோர் கண்ணும் அவள் மேல் மொய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பார்வைகளைத் தம் விரல் நுனிக்கு இழுத்துக்கொண்டார் என்று நான் நினைப்பதுண்டு. பாவமற்றவர் முதலில் எறியட்டும் என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார், மறுபடியும் எழுதினார். பெரியவர்கள் முதலில் கிளம்பினார்கள், பின்னாலேயே மற்றவர்களும்.

இயேசு தம் கையால் எழுதியதாக நற்செய்தி சொல்லும் ஒரே இடம் இதுதான். என்ன எழுதினார் என்று யோவான் சொல்லவில்லை. குற்றம் சாட்டியவர்களின் பாவங்களைத்தான் எழுதினார் என்று புனித ஜெரோம் சொன்னார். அவர் பெரிய மேதை, இருந்தாலும் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அப்படியே இருந்தாலும், எதில் எழுதினார் என்று பாருங்கள். பத்துக் கட்டளைகள் கல்லில் எழுதப்பட்டன. இந்த எழுத்து மண்ணில். அடுத்து நடந்து போனவரின் காலிலேயே அது அழிந்திருக்கும். நம் குற்றங்களை அவர் எழுதினாலும் அழியக்கூடிய இடத்தில்தான் எழுதுகிறார், சகோதர சகோதரிகளே. அந்தப் பெண் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போனாள்.

இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு இப்போது இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள், பாவசங்கீர்த்தனத்துக்கு வரப் பயந்து வருடக்கணக்காகத் தள்ளிப்போடுபவர்கள், குடியை விட்டுவிட்டு மறுபடியும் விழுந்தவர்கள், உங்கள் எல்லோருக்காகவும்தான் அவர் குனிந்தார். நேற்றைய கோலம் கலைந்துவிட்டதே என்று யாரும் இன்றைக்கு வாசல் தெளிக்காமல் இருப்பதில்லை. எழுந்து வாருங்கள். இன்று மாலை ஐந்து மணியிலிருந்து நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன்.

கடைசியாக ஒரு அறிவிப்பு, மறையுரையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்கு முன்பு நம் கோவில் முற்றம் முழுவதும் கோலம் போடப் போகிறோம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. மிக்சி கொடுக்கிற மேடைகள் வேறு இருக்கின்றன. முதல் புள்ளியை நம் பங்கின் கைம்பெண் அம்மாக்கள் வைப்பார்கள். அதற்கு யாராவது வீட்டில் தடை சொன்னால் அவர்கள் என்னிடம் பேசட்டும். இளைஞர்கள் குடிலுக்கு மூங்கில் சிம்பு வெட்டுகிற வேலையைச் சாக்குச் சொல்லித் தப்பிக்க வேண்டாம், உங்களுக்கும் இடம் உண்டு. லேத் அண்ணன்களில் யாராவது வட்டம் போடக் கயிறும் ஆணியும் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். வீட்டு ஆண்கள் மூன்று மணிக்கே துடைப்பத்தோடு வந்து முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும். கோலமாவு சாக்ரீஸ்து அறையில் இரண்டு மூட்டை இருக்கிறது. கலர் பொடி மட்டும் உங்கள் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்.