எந்த எண்ணிலிருந்து தொடங்குவது?

புதிய மீற்றரின் சின்னத் திரையில் ஆறு பூச்சியங்கள் மின்னிக்கொண்டிருந்தன. இடது பொத்தானை அழுத்தினால் எண் கூடும். வலது பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், அதுவே அந்த மோட்டார் சைக்கிள் இதுவரை ஓடிய தூரம் என்று பதிவாகிவிடும். பிறகு மாற்ற முடியாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் பார்க்கிங்கில், கைத்தொலைபேசி வெளிச்சத்தில், நானும் தம்பியும் அந்தப் பூச்சியங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அண்ணை, இருபத்தெட்டாயிரம் எண்டு போடுங்கோ. அளவான எண். ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம்" என்றான்.

தம்பி எனக்கு உறவில்லை. லா சப்பலில் ஒரு தேநீர்க்கடையில் பழக்கமானவன். சுன்னாகத்தில் ஒரு கராஜில் தொழில் பழகியவன். இங்கே உணவகக் குசினியில் வேலை செய்கிறான். கிடைக்கும் நேரத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கித் திருத்தி விற்கிறான். பழைய வண்டிகள் மீது பரிஸ் இளைஞர்களுக்கு இப்போது ஒரு மோகம். அவனுக்கு அடைக்க வேண்டிய பயணக்கடன் இன்னும் இருக்கிறது. என்னுடைய வண்டியை வாங்கப்போவதும் அவன்தான். இடுப்பு நோவுக்கு மருத்துவர் சொன்ன முதல் மருந்து, அதை விற்றுவிடு என்பது.

முப்பது வருடம் தாண்டிய ஐரோப்பிய வண்டி அது. ஒரு நாள் பெற்றோல் அடிக்கும்போதுதான் கவனித்தேன், போன தடவை பார்த்த அதே எண் நின்றது: 87,412. வேகமுள் வழக்கம்போல ஆடியது. தூரம் மட்டும் உறைந்துவிட்டது. இதற்குக் காரணம் உண்டு. பழைய மீற்றருக்குள் இருப்பவை இரண்டு வேறு இயந்திரங்கள். வேகத்தைக் காட்டுவது 1902இல் ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சேர்ந்த ஓட்டோ சூல்ட்ஸ காப்புரிமை பெற்ற முறை. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் அருகில் இருக்கும் உலோகக் கிண்ணம் காந்தத்தின் இழுவையில் திரும்பப் பார்க்கும், மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். இரண்டுக்கும் நடுவில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். தூரம் அப்படியல்ல. அது பல்லோடு பல் பொருந்தி எண்ணப்படுவது. என் வண்டியில் ஒரு பிளாஸ்ரிக் பற்சக்கரத்தின் பல் போய்விட்டது. அடுத்த குளிர்காலத்தில் ஈரம் புகுந்து சுற்றுமானியும் விளக்குகளும் ஒவ்வொன்றாகச் செத்தன.

அந்த மீற்றரை இப்போது யாரும் செய்வதில்லை. வேறொரு வண்டியில் இருந்து கழற்றிய மீற்றர் கிடைத்தது, 41,000 என்று காட்டிக்கொண்டு. அதைப் பூட்டினால் எண்ணில் நான் கை வைக்கவே தேவையில்லை. இன்னொரு வண்டியின் வாழ்க்கை வரலாறு என் வண்டிக்கு வந்துவிடும். ஒரு பொய்யை இவ்வளவு கை சுத்தமாகச் சொல்ல முடியும் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே தனியார் தயாரிப்பான ஒரு வட்ட மீற்றரை வாங்கினேன். உள்ளங்கை அளவு. வேகம், சுற்று, வெப்பம், பெற்றோல் எல்லாம் அதற்குள்.

பூட்டுவதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தன. புது மீற்றருக்குச் சக்கரத்தின் சுற்றளவை மில்லிமீற்றரில் சொல்லிக்கொடுக்க வேண்டும். ரயரில் சோக்கட்டியால் கோடு போட்டு, நான் ஏறி இருக்க, தம்பி வண்டியை மூன்று சுற்று உருட்டினான். 5,838. மூன்றால் வகுத்தால் 1,946. ரயர் தேயத் தேய அந்த எண் குறையும், மீற்றருக்கு அது தெரியாது. அதனால்தானோ என்னவோ, ஐரோப்பிய விதி வேகமானிக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாக அது காட்டலாம், பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலே சில கிலோமீற்றரும். குறைவாக மட்டும் ஒருபோதும் காட்டக்கூடாது. சட்டமே அனுமதித்த பொய். ஆனால் எந்தப் பக்கம் பொய் சொல்லலாம் என்று தீர்மானித்த பொய்.

இன்னொரு சிக்கல் பற்றரி விளக்கால் வந்தது. பழைய மீற்றரில் சிவப்பாக எரிந்த அந்தச் சின்ன மின்குமிழுக்குப் பதிலாகப் புதியதில் எல்.ஈ.டி. எல்லாம் சரியாகப் பூட்டியும் பற்றரி ஏறவில்லை. நான் வரைபடத்தைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருக்கையில் தம்பி சிரித்தான். இந்த வகை வண்டிகளில் அந்தக் குமிழ் வழியாகப் போகும் மின்சாரம்தான் அல்ரனேற்றரை முதலில் எழுப்புகிறது. எல்.ஈ.டி.க்குள்ளால் போகும் மின்சாரம் அதற்குப் போதாது. அவன் ஒரு தடையியைப் பக்கத்தில் இணைத்தான், சரிவந்தது. சும்மா செய்தி சொல்கிறது என்று நான் நினைத்திருந்த விளக்கு, வண்டியை ஓடவைப்பதிலும் பங்குகொண்டிருந்தது.

இனி எண்.

28,000 என்று போட்டால் ஏமாறப்போவது தம்பி இல்லை, அவனுக்கு எல்லாம் தெரியும். அவனிடம் வாங்கப்போகிற யாரோ ஒருவர். "வாங்கிறவன் வெள்ளைக்காரன்தானே அண்ணை" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தூரத்தை அளக்கும் ஒரு அலகைப்போலச் சொன்னான். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, அவன் கேட்ட அடுத்த கேள்விதான் என்னை இந்தக் கட்டுரையை எழுதவைத்தது: "அவங்கள் கேட்ட எல்லாத்துக்கும் நாங்கள் உண்மையே சொன்னனாங்கள்?"

நான் மாணவர் விசாவில் வந்தவன். முதுகலை படித்தேன், வேலை கிடைத்தது, தங்கினேன். என் கடதாசிகளில் இருக்கும் பிறந்த திகதி நான் பிறந்த திகதியே. அது என் நேர்மையினால் அல்ல, எனக்கு வாய்த்த வழியினால். என் மாமா எண்பதுகளில் வந்தவர். அவரை ஏற்றிய முகவர் கொடுத்த கடவுச்சீட்டில் வயது இரண்டு குறைவாக இருந்தது. அதையே சொல்லும்படி சொல்லி அனுப்பினார்கள், அதையே சொன்னார். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு இங்கே பிறப்புச் சான்றிதழ் தருவது 1952இல் உருவான ஒஃப்ரா. சொந்த நாட்டின் பதிவேட்டுக்குப் பதிலாக இனி அதுவே பதிவேடு. மாமாவின் மீற்றர் அன்றைக்கு அந்த எண்ணிலிருந்து ஓடத் தொடங்கியது. இப்போது ஓய்வூதியக் கணக்கில் அவர் இரண்டு வருடம் இளையவர். அந்த இரண்டு வருடத்தையும் ஒரு குசினியில் நின்றுதான் கழிக்கிறார். "நான் சொன்ன பொய், நானே கட்டுறன்" என்பார், சிரித்துக்கொண்டு.

1797இல் இதே கேள்வியில் இரண்டு பேர் மோதினார்கள். கொலைகாரன் ஒருவன் துரத்திவந்து, உன் நண்பன் உன் வீட்டுக்குள் இருக்கிறானா என்று கேட்டால் உண்மை சொல்ல வேண்டுமா? உண்மை சொல்வது கடமைதான், ஆனால் அந்த உண்மையைப் பெற உரிமை உள்ளவனுக்கு மட்டுமே. பிறருக்குத் தீங்கு செய்யும் உண்மைக்கு எவனுக்கும் உரிமை இல்லை என்று எழுதினார் பெஞ்சமின் கொன்ஸ்தான். அதே ஆண்டு இம்மானுவேல் கான்ட் மறுத்தார். கொலைகாரனுக்கும் பொய் சொல்லக்கூடாது; ஒரு பொய் ஒரு மனிதனை மட்டும் அல்ல, மனிதர்கள் ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவதற்கான அடிப்படையையே கெடுக்கிறது என்றார். படிக்கிற காலத்தில் கான்ட் எனக்கு ஒரு பிடிவாதக்காரராகத் தெரிந்தார். ஊரில் இரவில் கதவு தட்டப்பட்ட அனுபவம் உள்ள எவரும் கொன்ஸ்தானின் பக்கம்தான் நிற்பார்கள்.

ஆனால் கொன்ஸ்தானின் பக்கம் நின்று பார்த்தாலும் தம்பியின் 28,000 தேறவில்லை. மாமாவுக்கு முன்னால் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவரிடம் மாமாவைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் இருந்தது. வண்டி வாங்க வருகிறவரிடம் என்ன அதிகாரம்? அவர் பணத்தையும், அதற்கு மேலாகத் தன் உயிரையும் கொண்டுவந்து வைக்கிறார். 28,000 ஓடிய வண்டி என்று நம்பினால் கிளட்சையும் தாங்கிகளையும் பிரேக் குழாய்களையும் இப்போதைக்குப் பார்க்கத் தேவையில்லை என்று நினைப்பார். மாமாவின் பொய்க்கு மாமா கட்டுகிறார். இந்தப் பொய்க்கு மழைநாளில் பெரிஃபெரிக்கில் யாரோ கட்டுவார்.

ஊரில் இப்படி ஒரு எண்ணே தேவைப்படவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய், பின்னால் வெள்ளைப் புகை. மீற்றர் எப்போதோ நின்றுவிட்டது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்குச் சாமான் ஏற்றிப்போனபோதும் அது எந்த எண்ணையும் கூட்டவில்லை. ஆனால் அந்த வண்டி எவ்வளவு ஓடியது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யார் வாங்கியது, யார் விழுத்தியது, எந்த கராஜ்காரர் இயந்திரத்தைப் பிரித்தார் என்பதெல்லாம் வாயில் இருந்தது. பரிஸில் அந்த வாய்கள் இல்லை. முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் ஊரின் இடத்தில் இருப்பது திரையில் தெரியும் அந்த எண் ஒன்றுதான். அதில் கை வைப்பது ஊரே சேர்ந்து பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமம்.

அதிகாரியிடம் சொன்ன பொய்யும் முழுக்கக் கணக்குத் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். சொல்லிக்கொடுத்த ஒரே கதையைப் பத்துப் பேர் சொன்னால், பதினோராவதாக உண்மையாகவே அதை அனுபவித்து வருபவரை யார் நம்புவார்? அந்த இடத்தில் கான்ட் திரும்பி வந்து என் தோளைத் தட்டுகிறார். மாமாவைக் குற்றவாளியாக்க எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. பதிலும் இல்லை.

28,000 வேண்டாம் என்றதும் தம்பி இறங்கிவந்தான். "அப்ப 87,412 போடுங்கோ. அது உண்மைதானே. ஒண்டும் எழுதத் தேவையில்லை."

லா சப்பல் மெற்றோவின் பாலத்தடியில் பூஃப் து நோர் அரங்கு இருக்கிறது. மரக்கறி வாங்க அதைத் தாண்டித்தான் போகிறோம், அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. பீற்றர் புரூக் 1985இல் அவிஞோன் விழாவில் மேடையேற்றிய மகாபாரதம் பிறகு இங்கேதான் நடந்தது. தருமனின் தேர் பூமியில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடியதாகப் பாரதம் சொல்லும். துரோணரிடம் அசுவத்தாமன் இறந்தான் என்றான் தருமன். இறந்தது யானை. 'யானை' என்ற சொல்லையும் அவன் சொன்னான், துரோணருக்குக் கேட்காத குரலில். தேர் தரையில் இறங்கியது. கிருஷ்ணன் முழுப்பொய்யே சொல்லியிருக்கலாம், அவன் தேருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று என் அப்பா பகிடியாகச் சொல்வார்.

87,412 அந்த யானை. பழைய மீற்றர் காட்டிய எண், சந்தேகமில்லை. அது நின்ற பிறகு இரண்டு கோடை ஓடியிருக்கிறேன். பெற்றோல் பற்றுச்சீட்டுகளைக் கூட்டினால் 212 லீற்றர். நூறு கிலோமீற்றருக்கு ஐந்தரை லீற்றர் என்றால் ஏறக்குறைய 3,850 கிலோமீற்றர். அதற்கு முன்னால் இன்னொரு ஓட்டை: பழைய மீற்றருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999க்குப் பிறகு அது மறுபடி பூச்சியம். 2009க்கு முந்திய பராமரிப்புப் புத்தகம் என்னிடம் இல்லை. வண்டி 187,412 ஓடியிருந்தாலும் நான் மறுக்க முடியாது. வேலையில் பழைய கணினி முறைமையிலிருந்து புதியதற்குத் தரவுகளை மாற்றும்போது, தெரியாத இடத்தைத் தெரியாது என்று வெறுமையாக விடச்சொல்லி வாடிக்கையாளர்களோடு சண்டைபிடிப்பவன் நான். அவர்களுக்கு எப்போதும் ஏதாவது ஒரு எண் வேண்டும்.

2024 ஏப்ரல் 15 முதல் இங்கே இருசக்கர வாகனங்களுக்கும் தொழில்நுட்பப் பரிசோதனை கட்டாயம். பரிசோதகர் திரையில் இருக்கும் எண்ணைச் சான்றிதழில் எழுதுவார். அன்றிலிருந்து அது அரசாங்கத்தின் எண். ஆனால் இதே நாட்டில், பழைய வாகன விற்பனை பற்றிய 1978ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, வாகனம் ஓடிய முழுத் தூரத்தையும் நிரூபிக்க முடியாத இடத்தில் மீற்றரின் எண்ணுக்குப் பின்னால் இரண்டு சொற்களை எழுதச் சொல்கிறது: நொன் கராந்தி. உத்தரவாதம் இல்லை. தெரியாது என்பதற்கும் கடதாசியில் ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு அன்று அப்படி ஒரு கட்டத்தைக் காட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்தேன்.

87,412 என்று பதித்தேன். வலது பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பிறகு விலையில் ஐந்நூறு யூரோ குறைத்து, பராமரிப்புப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: மீற்றர் மாற்றிய திகதி, பழையது நின்ற எண், அதன்பின் பதிவாகாமல் ஓடியதாக நான் மதிப்பிடும் தூரம், 2009க்கு முன் எதுவும் தெரியாது என்பது. தம்பி ஒன்றும் பேசாமல் கருவிகளைப் பைக்குள் அடுக்கினான். கோபமா என்று கேட்டேன். இல்லை என்றான். ஐந்நூறு காணாது, அறுநூறாக்குங்கோ என்றான். ஆக்கினேன்.

ஹெல்மெற்றைப் போட்டபின் மறுபடி கழற்றினான்.

"அண்ணை, நீங்கள் தமிழிலயெல்லோ எழுதியிருக்கிறியள். இதைப் பிரெஞ்சிலயும் எழுதித் தாங்கோ. நான் எழுதினா பிழை வரும்."

கீழே பிரெஞ்சில் எழுதினேன். அவன் ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டு, மீற்றரோடு ஒப்பிட்டுப் பார்த்தான்.